நூற்றுக்கு ஆறு

கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்டின் பட்டறையில் மரத்தூளைப் பசையோடு பிசைந்து, சூட்டில் அமுக்கிப் பலகை செய்தார்கள். நூறு கிலோ தூளுக்குப் பத்துக் கிலோ யூரியாப் பசை போடவேண்டும். ஒஸ்வால்ட் ஆறு போடச் சொன்னார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஈரம் பட்டால்தான் புட்டு மாதிரி உதிரும். ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு அரசாங்க ஓடர் கிடைத்திருந்த நேரம். பெயின்ற் அடித்துவிட்டால் யார் கண்டது?

கண்டவர் பசை கலக்கும் நாகேந்திரம். மானிப்பாய்க்காரர், சிங்களம் ஒரு சொல்லும் வராது, நேர்மை மட்டும் தேவைக்கு மேல். பத்துக் கிலோ பசைப் பலகையையும் ஆறு கிலோ பசைப் பலகையையும் தண்ணீரில் ஊறவைத்து, வீக்கத்தை அளந்து, இரண்டு கலவையையும் தாளில் எழுதினார். ஈரம் தாங்கும் வேறொரு பசைத்தூளிலும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை, முதலாளியிடம் நியாயம் கேட்க, வெள்ளவத்தையில் இருந்த அவர் வீட்டுக்கு பஸ் ஏறினார்.

சண்டைக் காலம். யாழ்ப்பாண அடையாள அட்டை, வெள்ளைத்தூள், குண்டுக்கும் போடுகிற யூரியா என்று எழுதிய தாள். சோதனைச் சாவடிக்கு வேறென்ன வேண்டும்? குண்டுக்காரன் என்று பிடித்துக்கொண்டு போனார்கள்.

பொலீசில் ஒஸ்வால்டைக் கூப்பிட்டார்கள். உதடு வீங்கித் தரையில் இருந்த நாகேந்திரம் அவரைக் கண்டதும் சிரித்தார். பாவி மனுசன், அப்படி நம்பிச் சிரித்தார்.

"முதலாளி வந்திட்டார். இனி எல்லாம் சொல்லுவார்."

இன்ஸ்பெக்டர் தாளை நீட்டிச் சிங்களத்தில் கேட்டார், இது உன் பட்டறைக் கலவையா என்று. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் நாகேந்திரம் வீட்டுக்குப் போகலாம். அந்த ஒரு சொல்லோடு ஆறும் வெளியே வரும், ஆஸ்பத்திரிக்காரர் கட்டிலைத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். ஒஸ்வால்டுக்கு வியர்த்தது.

"எங்கள் கலவை பத்துத்தான் சேர்," என்றார் நல்ல சிங்களத்தில். "இந்த ஆறு எதற்கென்று எனக்குத் தெரியாது. அந்தத் தூளும் எங்களுடையது இல்லை."

அவர் தலையாட்டிய விதத்திலேயே நாகேந்திரத்துக்கு விளங்கிவிட்டது.

"முதலாளி, ஆறு போடச் சொன்னது நீங்கள்தானே! நோயாளியள் படுக்கிற கட்டில் எண்டு எத்தினை தரம் சொன்னனான்! உண்மையைச் சொல்லுங்கோ, எனக்கு மூண்டு பிள்ளையள்!"

"என்ன சொல்கிறான்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஒஸ்வால்ட் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியாமல் செய்துவிட்டானாம் சேர். மன்னிக்கச் சொல்கிறான்."

இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார்.