தெளிந்தால் கையெழுத்து

நாற்பத்தொரு உழவர்களில் நாற்பது பேர் கையெழுத்திட்டுவிட்டனர். எஞ்சியவர் என் சித்தி.

சுத்திகரித்த கழிவுநீரை இன்னும் பத்தாண்டுகளுக்கு நிபந்தனையின்றிப் பாசனத்துக்குப் பெற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் அது. கையெழுத்திடாதவரின் மதகு திங்கட்கிழமை அடைக்கப்படும். அடைக்க வேண்டியவன், சுத்திகரிப்பு நிலையத்தின் பொறியாளனாகிய நான். சித்தியின் மூன்று ஏக்கருக்கு வேறு நீர் கிடையாது.

வெள்ளியன்று நிலையத்தில் உழவர்களைக் கூட்டியிருந்தோம்; சித்தி மடியில் துணிப்பையுடன் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார்.

"மழை பேஞ்சா மண்ணு கூழாகுது. காஞ்சா ஓடு மாதிரி இறுகுது. ரெண்டு தடவை விதைச்சேன். முளை முட்டிப் பாத்துட்டு உள்ளேயே செத்துப்போச்சு."

"தண்ணியில குறையில்ல சித்தி. நீங்களே பாருங்க."

அவர் வயலிலிருந்து எடுத்து உலர்த்திய மண்கட்டிகள் என் தட்டில் இருந்தன. ஒன்றை எங்கள் நிலையத்து நீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் இட்டேன். ஐந்து நிமிடம் கடந்தும் கட்டி கரையவில்லை, நீர் கலங்கவில்லை. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்.

"கேள்வியும் நீயே, பதிலும் நீயே," என்றார் சித்தி. "பள்ளிக்கூடத்துலயும் இப்படி நடந்திருந்தா கணக்குல கோட்டை விட்டிருக்க மாட்டியேடா."

அறை சிரித்தது. சித்தி பையிலிருந்து ஒரு டம்ளரையும் ஒரு பாட்டிலையும் எடுத்தார்.

"இது மழைத் தண்ணி. கட்டியை உன் தட்டுலேர்ந்தே எடுத்துக்கறேன். அப்புறம் சித்தி ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது."

கட்டி அடியைத் தொட்டதும் அதைச் சுற்றிப் பால்போல் ஒரு வளையம் படர்ந்தது. பத்து நிமிடத்தில் டம்ளரின் மறுபக்கம் தெரியவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் நீரிலுள்ள சோடியம் களிமண் துகள்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது. அதே நீரின் உப்பு, தளர்ந்த துகள்கள் பிரிந்து போகாமல் பிடித்தும் வைக்கிறது. உப்பில்லாத மழைநீர் விழும்போது அந்தப் பிடி விட்டுப்போகிறது; துகள்கள் கலைந்து மண்ணின் துளைகளை அடைக்கின்றன. கல்லூரியில் படித்ததுதான். மறந்துவிட்டேன் என்று எழுதினால் பிழை; நினைக்காமலிருந்தேன் என்பதே சரி.

"என் நிலத்துல உன் தண்ணி மட்டுமா விழுது?"

"கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும் சித்தி."

"தெளியட்டும், கையெழுத்துப் போடறேன். தெளியலைன்னா மதகை மூடிக்கோ. ஆளை அனுப்பாதே, நீயே வா."

டம்ளரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை தெளியவில்லை. ஞாயிறன்றும் தெளியவில்லை. அன்று பிற்பகல், அலுவலகத்தில் எவருமில்லாதபோது, சோடியம் ஏறிய மண்ணைத் திருத்தப் போடும் ஜிப்சம் தூளில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினேன். துகள்கள் திரிந்த பால்போல் திரண்டு மெல்ல அடியில் படிந்தன.

திங்கள் காலை ஒரு கையில் டம்ளரும் மறுகையில் ஒப்பந்தமுமாகப் போனேன். சித்தி மதகின்மேலேயே அமர்ந்திருந்தார்.

"தெளிஞ்சிடுச்சு சித்தி."

அவர் டம்ளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"தானாவா?"

"...இல்ல."

"என்ன போட்ட?"

"ஜிப்சம். ஒரு சிட்டிகை."

"அப்போ வைத்தியம் உனக்குத் தெரியும். நோயே இல்லைன்னு கூட்டம் போட்டுச் சொன்ன." விரலால் ஒப்பந்தத்தைத் தட்டினார். "டம்ளருக்கு ஒரு சிட்டிகைன்னா ஏக்கருக்கு எவ்வளவு? வருஷா வருஷம் யார் போடறது? எழுது. நாப்பத்தொரு பேருக்கும் எழுது."

"மேலிடம் ஒத்துக்காது சித்தி."

"அப்போ மூடு." எழுந்து ஒதுங்கி நின்று, திருகுக் கைப்பிடியைக் காட்டினார். "துருப்பிடிச்சிருக்கு. நல்லா அழுத்தித் திருகணும்."

கைப்பிடியைப் பிடித்தேன். அது துருப்பிடித்திருக்கவில்லை, நான்தான் திருகவில்லை. மதகின்மேல் அமர்ந்து 'நிபந்தனையின்றி' என்ற சொல்லை அடித்தேன். ஆண்டுதோறும் நாற்பத்தொரு பேரின் மண்ணையும் சோதித்து, தேவையான ஜிப்சத்தை நிலையமே தன் செலவில் இட வேண்டும் என்று விளிம்பில் எழுதினேன். சித்தி இருமுறை படித்துக் கையெழுத்திட்டார்.

பிறகு பையிலிருந்து ஒரு மண்கட்டியையும் அந்த மழைநீர்ப் பாட்டிலையும் எடுத்து நீட்டினார்.

"பாதி மிச்சம் இருக்கு. மேலிடத்துக்குக் கொண்டு போ."