முப்பத்தைந்துக்கு ஒரு ஹாரன்

எங்கள் ஊரில் ஒருவருக்கு நாற்பதோ ஐம்பதோ ஆகிவிட்டால் வேண்டியவர்கள் சும்மா விடமாட்டார்கள். பழைய படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து, அந்த ஆளின் குழந்தைப் படங்களில் இருப்பதிலேயே அசிங்கமானதைப் பெரிதாக்கி ஒட்டி, பக்கத்தில் வயதைப் பெயிண்டில் எழுதி, ரவுண்டானா கம்பியில் கட்டிவிடுவார்கள். கீழே 'ஹாரன் அடிங்க' என்று இருக்கும். போகிற வருகிற கார்களெல்லாம் அடித்துத் தள்ளும். மாட்டிக்கொண்ட ஆள் ஒரு வாரம் அந்தப் பக்கம் தலைகாட்டமாட்டார்.

முப்பத்தைந்துக்கு யாரும் கட்டியதில்லை. டேமியனுக்கு நாங்கள் கட்டினோம்.

காசு போட்டுத் துணி துவைக்கும் கடை என்னுடையது. அதற்கு மேல்மாடியில் டேமியன் வாடகைக்கு இருக்கிறான். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஜன்னலைத் திறந்தால் ரவுண்டானா. மனைவியைப் பிரிந்துவிட்டான். மகள் எல்சிக்கு ஏழு வயது. சனிக்கிழமை காலையில் அவள் அம்மா கொண்டுவந்து விடுவாள், ஞாயிறு மாலை கூட்டிப்போவாள். அந்த ஓர் இரவு கட்டில் மகளுக்கு, சோபா அப்பனுக்கு. அவனுக்குக் கிடங்கில் வேலை. வாரத்தில் பாதி நாள்தான் கூப்பிடுவார்கள். மீதிக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது, வாடகைக்கும் சேர்த்து.

அந்த வாடகை உதவியில்தான் கூத்து. தனியாளாக இருந்து முப்பத்தைந்து ஆகவில்லையென்றால், உனக்கெதற்கு முழு வீடு என்பார்கள். நாலைந்து பேர் ஒரே சமையலறையில் முட்டிக்கொள்ளும் வீட்டில் ஓர் அறைக்கு என்ன வாடகையோ, அதை மட்டும் தருவார்கள். எல்சி அம்மா வீட்டுக் கணக்கில் இருப்பதால் இங்கே கணக்கிலேயே இல்லை. வாடகைக்கும் உதவிக்கும் நடுவில் மாதாமாதம் நூற்றிருபது பவுண்ட் துண்டு விழும்.

அப்படி ஓர் அறையை டேமியன் போய்ப் பார்த்துவிட்டும் வந்தான். எல்சியின் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"முன்னபின்ன தெரியாத ஆம்பளைங்க இருக்கிற வீட்டுல எம்பொண்ணு ராத்திரி தங்கமாட்டா."

நியாயம்தானே, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆகவே இந்த வீடு போனால் அவனுடைய சனிக்கிழமைகளும் போச்சு. உலகமே வயதாகிறதே என்று அழும்போது இவன் ஒருத்தன் எப்போதடா ஆகும் என்று காத்துக்கிடந்தான்.

"மேக்சின், இங்க பாருங்க, ஒரு நரை!" என்று தலையைக் குனிந்து காட்டுவான்.

"நரைய வச்சு நாக்கு வழிக்கிறதா? ஆபீஸ்காரங்களுக்குப் பொறந்த தேதி வேணும்டா கண்ணு."

சிரிப்பான். ஆனால் முதலில் சைக்கிளை விற்றான், பிறகு டிவியை. மகள் வராத நாட்களில் ஹீட்டரே போடமாட்டான். பேப்பர் படிக்கிற சாக்கில் வந்து, என் கடையில் துணி உலர்த்தும் மெஷின்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பான். ஒரே பேப்பரை எத்தனை தடவைதான் படிப்பது! நான் கேட்டதில்லை. டீ போட்டுக் கொடுப்பேன், உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டுக்காரர் டெரிக் முன்பு பிளம்பராக இருந்தவர். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் குழாய் ஒழுகுகிறது என்றால் அன்றைக்கே ஸ்பேனரோடு வந்து நிற்பார். தன் மகன் டோபி லீட்ஸில் வாடகை கட்டமுடியாமல் திண்டாடுகிறான், பாதியை நாங்கள்தான் அனுப்புகிறோம் என்று என்னிடம் புலம்புவார். அப்படியே மாடிக்குப் போய் டேமியனிடம் பாக்கியைக் கேட்பார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை டேமியனுக்கு முப்பத்தைந்து முடிந்தது. விரிப்பு அவனுடையதுதான், வேறு யாரும் தரவில்லை. முகமெல்லாம் பீன்ஸ் அப்பிக்கொண்டு அவன் அழுகிற படத்தை ஒட்டினோம். '35' என்று எல்சிதான் பெயிண்ட் அடித்தாள். கடையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே கேட்ட ஹாரன் சத்தத்தை விசாரித்துக்கொண்டே டெரிக் வந்தார்.

"முப்பத்தஞ்சுக்கு எவன்டா கட்டுவான்? எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

டேமியன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"இனிமே உங்களுக்குப் பாக்கியே கிடையாது டெரிக். இன்னையிலேருந்து முழு வீட்டுக்கும் கவர்மென்ட்ல பணம் வரும். வாடகை சரியா அடைஞ்சிடும்."

டெரிக் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். இரண்டாவது துண்டு கேக்கையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஏதோ யோசனையோடு வேனில் ஏறினார்.

அடுத்த வாரமே நோட்டீஸ் வந்தது, வாடகை ஏறுகிறது என்று. எவ்வளவு என்று நான் சொல்லவேண்டுமா? அதே நூற்றிருபது.

டேமியன் அவரை என் கடையில்தான் மடக்கினான்.

"என்ன டெரிக் இது?"

"நானென்ன உன் பாக்கெட்டுலேருந்தா கேக்குறேன்? கவர்மென்ட் குடுக்குது, நான் வாங்கிக்கிறேன்."

"அவங்க இந்த ஊருக்குன்னு ஒரு அளவு வச்சிருக்காங்க. அதுக்கு மேல ஒரு பென்னி தரமாட்டாங்க. மறுபடியும் நான்தான் கட்டணும்."

டெரிக் தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார், அதட்டவில்லை.

"இத்தனை நாளும் கட்டினேல்லப்பா? அதே மாதிரி கட்டு."

டேமியன் மாடிக்குப் போய்விட்டான். விற்பதற்கு அங்கே இனி என்ன இருக்கிறது? எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியைக் கவிழ்த்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"வெளிய போங்க டெரிக், வழுக்கும்."

ரவுண்டானாவிலிருந்து கழற்றிய விரிப்பு அன்றைக்கு என் மெஷினில்தான் இருந்தது. படம் கிழிந்து வந்துவிட்டது. '35' மட்டும் போகவே இல்லை. சாயங்காலம் அதைத் திருப்பிப் போட்டு டேமியனிடம் காட்டினேன். பின்பக்கம் காலியாக இருந்தது.

"வேணாம் மேக்சின். காலி பண்ணச் சொல்லிட்டார்னா எல்சிக்கு நான் என்ன சொல்வேன்?"

"யார் பேரும் போடவேணாம். ஊருக்கெல்லாம் உள்ள கதைதானே?"

விரிப்பைத் தரையில் விரித்தான். பிறகு அவனே பிரஷ்ஷை எடுத்து எழுதினான்: 'வாடகை ஏறிடுச்சா? ஹாரன் அடிங்க.'

சனிக்கிழமை அதைக் கட்டினோம். ஐம்பது வயதுக்காரர் யாருக்கும் எங்கள் ஊர் அப்படி அடித்ததில்லை. பஸ் டிரைவர் அடித்தார், பால் வண்டி அடித்தது, கல்யாணத்துக்குப் போகிற கார் அடித்தது. சவ ஊர்தி ஓட்டுகிறவர்கூட, வண்டி காலியாகத்தான் இருந்தது, அடக்கமாக ஒரு தடவை அடித்துவிட்டுப் போனார். எல்சி மாடி ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்தினாள்.

"அப்பா, இன்னிக்கு இத்தனை பேருக்குமா பொறந்தநாள்?"

மத்தியானம் டெரிக்கின் வேன் வந்தது, பக்கத்தில் அவர் மனைவி லின். முன்னால் வண்டிகள் நின்றுவிட்டதால் விரிப்புக்கு நேர் எதிரே மாட்டிக்கொண்டார். துணிக்குப் பின்னாலிருந்து அந்த '35' இடம் வலம் மாறித் தெரிந்தது. டெரிக் அதைப் பார்த்தார், நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தார். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

லின் எட்டி அவர் கைக்கு மேலாகக் கையை நீட்டி, ஹாரனை அமுக்கினாள். அமுக்கியவள் எடுக்கவே இல்லை. முன்னால் வண்டிகள் நகர்ந்த பிறகும் அந்த வேன் ரவுண்டானாவை முழுச் சுற்றுச் சுற்றி, அலறிக்கொண்டே போயிற்று.

திங்கட்கிழமை டெரிக் ஒரு பை நிறையச் சட்டைகளோடு கடைக்கு வந்தார். அவர் வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது.

"லின் எந்துணிய தொடமாட்டேங்குறா. டோபி வாடகையும் அதே வாரம்தான் ஏறுச்சு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "நோட்டீஸைக் கிழிச்சுப் போட்டுடச் சொல்லு. பழைய வாடகையே போதும்."

"ஏன், மாடிப்படி உங்களுக்குத் தெரியாதா?"

சட்டைகளை மெஷினில் போட்டுவிட்டு அவரே ஏறிப்போனார். மேலே கதவைத் தட்டினார். பிறகு டேமியன் அவருக்கு நாற்காலி இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

அவனிடம் கட்டிலுக்கு மாற்று விரிப்பு அது ஒன்றுதான். அடுத்த சனிக்கிழமை எல்சி அதன்மேல்தான் தூங்கினாள். '35' இருந்த பக்கத்தை மேலே வரும்படி அவளே விரித்துக்கொண்டாளாம்.