மாற்றாமல் விட்ட பட்டப்பெயர்

சான் அந்தோனியோ நகரத்து எங்கள் பேட்டையில் ஞானஸ்நானப் பெயர் பாதிரியாருக்கும் போலீசுக்கும் மட்டும்தான் வேண்டும். என் தம்பியை ரெய்னால்தோ என்று விசாரித்தால் தெருவே உதட்டைப் பிதுக்கும். கிரியோ என்று கேளுங்கள், வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். கிரியோ என்றால் ஸ்பானிஷில் சில்வண்டு.

இது அன்செல்மோவுக்குத் தெரியாதா என்ன? எங்களுக்கு மூன்றாவது வீட்டில் வளர்ந்தவன். முதல் நாவல் எழுதினான், நியூயார்க்கில் அச்சாகி வந்தது. எல்லாருடைய பெயரையும் பத்திரமாக மாற்றியிருந்தான். ரெய்னால்தோ அதில் ஒக்தாவியோ. ஆனால் ஊர் கூப்பிடும் பெயரை மறந்துபோய் அப்படியே விட்டுவிட்டான். பக்கத்துக்குப் பக்கம் கிரியோ, கிரியோ.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு மழையில், என் தம்பி, அன்செல்மோ, எஃப்ராயின் மூன்று பேரும் போன வண்டி தரைப்பாலத்தில் நின்றுவிட்டது. தெருவே மரியாதையாக டோன்யா என்று கூப்பிடும் எவ்லாலியாவின் மகன் எஃப்ராயினை வெள்ளம் கொண்டுபோனது. நாவலில் கிரியோ குதித்து ஓடிவிடுகிறான். கதை சொல்கிறவன் எஃப்ராயினின் கையைக் கடைசிவரை பிடித்திருக்கிறான். எஃப்ராயின் "அம்மா" என்று கூப்பிட்டபடியே போகிறான். நடந்தது நேர்மாறு. கையைப் பிடித்திருந்தவன் என் தம்பி.

அன்றிலிருந்து எவ்லாலியாவை வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறவனும் அவன்தான். எவ்லாலியாவின் மருமகள் அந்த ஆங்கிலப் புத்தகத்தை அவளுக்கு ஸ்பானிஷில் படித்துக் காட்டினாள். அடுத்த தடவை தம்பி போய்த் தட்டியபோது கதவு திறக்கவில்லை. ஒரு மாதமாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

நூலகத்தில் கூட்டம் போட்டார்கள், பேட்டை வாழ்க்கையைப் பற்றி எழுத்தாளரோடு பேச. தம்பி மாட்டேன் என்றான். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். முதல் வரிசையில் எவ்லாலியா, மடியில் அந்தப் புத்தகம்.

"இது நம்ம பேட்டையோட குரல்" என்றான் அன்செல்மோ, சான் அந்தோனியோ முழுக்கக் கேட்கிற மாதிரி.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "டேய், ஒக்தாவியோன்னு எழுதிட்டா ஆள் தெரியாதுன்னு நெனச்சியா? இந்தத் தெருவுல எத்தன கிரியோடா இருக்கான்?"

"அக்கா, அது கற்பனைக்கா."

"அப்படியா? நெசமா ஓடினது யாரு? இந்தம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் மைக்கைக் கீழே வைத்தான்.

"நான்தான் ஓடினேன். என்னையே அப்படி எழுத எனக்குக் கை வரல."

கூடத்தில் ஒரே சலசலப்பு. எவ்லாலியாவுக்குக் கோபம் வரவில்லை. புத்தகத்தில் ஒரு பக்கத்தை விரலால் தொட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்ப... எம் புள்ள என்னைக் கூப்பிட்டது?"

"எனக்குத் தெரியாது, டோன்யா. நான் அங்க இல்லியே. அது நானா எழுதினது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் நம்பியது என் தம்பி ஓடியதை அல்ல, 'அம்மா' என்ற அந்த ஒரு வார்த்தையை. அது வேண்டுமென்றால் மற்றதையும் நம்பியாக வேண்டும். நியாயம் கேட்க வந்த நான் அதைப் பிடுங்கிவிட்டேன்.

அவள் திரும்பினாள். "கிரியோ, நீ சொல்லுப்பா. கூப்பிட்டானா?"

தண்ணீர் இரைச்சலில் ஒன்றுமே கேட்கவில்லை என்று என் தோளில் எத்தனையோ தடவை அழுதவன் அவன்.

"கூப்பிட்டான், டோன்யா. ரெண்டு தடவ."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"பதினொரு வருஷம் என் பக்கத்துலயே உக்காந்து வண்டி ஓட்டினியே. இத மட்டும் ஏண்டா எங்கிட்ட மறைச்ச?"

நான் வாயைத் திறந்தேன். தம்பி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

"தப்புதான் டோன்யா" என்றான்.

வெளியே வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவள் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி, அவனைத் தாண்டி நடந்து போனாள்.