பணம் வாங்கப் போட்ட நம்பர்

என் புருஷன் அன்றைக்குக் குடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். அந்த வாய்களில் எல்லாம் மண் விழ.

எங்களுக்குக் கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலையடிவாரம். கரும்பு வெட்டும் செட்டு ஒன்று என் பொறுப்பில் இருந்தது. பதினோரு பேர். கரும்புக்காரர் வாரக்கூலி மொத்தத்தையும் என் போனில்தான் போட்டுவிடுவார். மற்றவர்களுக்கும் பேங்க் புத்தகம் இருக்கிறது. ஆனால் அதில் பணம் விழுந்தால் கடன்காரன் பிடித்துக்கொள்வான், இல்லாவிட்டால் வீட்டுக்காரன் உருவிக்கொள்வான். அதனால் எல்லோரும் "விஜயா போன்லயே போட்டுடுங்க" என்பார்கள். சனிக்கிழமையானால் நான் போய்ப் பணமாக எடுத்து வந்து பிரித்துக் கொடுப்பேன். விஜயலட்சுமி வாயாடி என்று ஊரே சொல்லும். திருடி என்று ஒருத்தி சொன்னதில்லை.

போனைக் கரும்புக் காட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன். ஒரு தரம் வெட்டிப் போட்ட காய்ந்த சோகை இலைக்குள் விழுந்து, தேடுவதற்குள் மாடு மிதித்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில்தான் இருக்கும். இந்த மார்கழியில் என் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பனும் வீட்டில்தான் இருந்தார். வெட்டுக்கத்தி தவறிக் காலில் இறங்கி ஆறு தையல். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அவர் முன்பு குடித்தவர்தான். நான் மறைக்கவில்லை. பத்து வருஷம் என் உயிரை எடுத்தார். அவருடைய கடனை அடைத்தே என் நாத்தனார் செல்லியம்மாளின் கொலுசும் மூக்குத்தியும் போயின. பிறகு ஒருநாள் விட்டார். ரெண்டு பொங்கலாகத் தொடவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், தினமும் சாயங்காலம் சோறு போடும் சாக்கில் குனிந்து மோந்து பார்ப்பேன். அவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டுவார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் வெட்டு முடிந்து வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் போன். முகமெல்லாம் சந்தோஷம்.

"விஜி, சத்தம் போடாத. நம்ம செட்டுக்குப் பணம் வரப் போவுது" என்றார்.

"இன்னா பணம்?"

"ஆலையிலேர்ந்து பேசினாங்க. வெட்டு ஆளுங்களுக்கு ஊக்கத்தொகையாம். ஆளுக்கு ரெண்டாயிரம். ஒரு கட்டம் வரும், அதுல ரகசிய நம்பரப் போடுங்க, வந்துடும்னாங்க. போட்டேன். ஒரு தரம் போட்டேன், ஆவலன்னாங்க. மறுபடியும் போட்டேன். காலையிலேர்ந்து பாத்துக்கினே இருக்கேன், இன்னும் மணி அடிக்கல."

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். அன்றைக்கு முந்தின நாள்தான் கூலி வந்திருந்தது. முப்பத்தெட்டாயிரம். இப்போது நூற்றுச் சொச்சம் நின்றது.

"அடப்பாவி மனுஷா! பணம் வாங்கறதுக்கு எவனாவது நம்பர் போடுவானா? குடுக்கறதுக்குத்தானேய்யா நம்பர்!" என்று கத்தினேன்.

அவருக்குப் புரியவில்லை. என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஏன் போட மாட்டான்? ரேஷன்ல அரிசி வாங்கக் கை வெக்கறோம். நூறு நாள் கூலிக்கு வெக்கறோம். எங்கம்மா சாவற வரிக்கும் முதியோர் பணத்துக்குக் கை வெச்சிது. நமக்கு எவன் இன்னா குடுத்தாலும் மொதல்ல நம்ம கைய வாங்கிக்கினுதானே குடுக்கறான்? அது மாதிரிதான்னு நெனச்சேன்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் இறங்கினேன்.

நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு, கால் நொண்டுகிற இவரையும் இழுத்துக்கொண்டு, கச்சிராயபாளையத்தில் போன் கடை வைத்திருக்கிற சாதுல்லா பாயிடம் ஓடினேன். பாய் நல்ல மனுஷர். உட்காரச் சொல்லி, அவர் போனிலிருந்தே 1930 என்ற புகார் நம்பருக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, "போன உடனே கூப்பிட்டிருந்தா நிறுத்திப் பாத்திருக்கலாம்மா. இவ்ளோ நேரம் ஆயிடுச்சே" என்றாள். காலையிலிருந்து இவர் பணம் வரும் என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் அது.

பாய் மெசேஜ்களைப் படித்துவிட்டு என்னிடம், "ஜாஸ்தி ஆசை வெக்காதீங்கம்மா. எவனோ ஒரு பேருக்குப் போயிருக்கு. உள்ள பூந்து யாரும் எடுக்கல. கணக்குப்படி இவரே நம்பர் போட்டு அனுப்பினதாத்தான் காட்டுது" என்றார்.

பாய் பொய் சொல்லவில்லை. பிறகு பேங்கிலும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் என் நாத்தனார் காதில் அதில் பாதிதான் விழுந்தது. இவரே அனுப்பினது. ராத்திரிக்குள் ஊர் முழுக்க அந்தப் பாதி போய்ச் சேர்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் கூலிக்காரர்கள் பதினோரு பேரும் வாசலில் நின்றார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். திருடன் எங்கே என்று கேட்டார்கள். முகம் தெரியாது என்றேன். வீட்டுக்குள் வந்தானா? இல்லை. கத்தியைக் காட்டினானா? இல்லை. பேசினான், இவர் அமுக்கினார். எனக்கே அது கேட்க நன்றாக இல்லை.

எங்கள் செட்டிலேயே வெட்டுகிற செல்லியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"கால் நோவுது, வூட்ல சும்மா குந்திக்கினு இருக்கான், கையில போனு. குடிக்காம இன்னா பண்ணுவான்? எத்தினி வருஷம் பாத்தவ நானு! எங்க ஒளிச்சு வெச்சிருக்கானோ, எவனுக்கு அனுப்பினானோ. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு."

"அண்ணி, வாய அளந்து பேசுங்க" என்றேன். "ரெண்டு வருஷமா அது வாயத் தினம் மோந்து பாக்கறவ நானு. நீங்களா பாத்தீங்க?"

"நீ கட்டிக்கினவ. நீ வேற இன்னா சொல்லுவ?"

நான் பாய்வதற்குள் அவர் உள்ளேயிருந்து வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து, அக்காளுக்கு முன்னால் நின்று, வாயைத் திறந்து அவள் முகத்தில் ஊதினார். நாற்பத்தாறு வயது ஆம்பிளை. அடுத்தவளிடம் போய் ஊதினார். மூன்றாவது ஆளிடம் போகும்போது நான் தோளைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

செல்லியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நேத்து குடிச்சது இன்னிக்கு நாறுமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என் கம்மலையும் ரெண்டு ஆட்டையும் விற்றுப் பாதிக் கூலி கொடுத்தேன். மீதிக்குத் தவணை சொன்னேன். செட்டு என்னை விட்டுப் போய்விட்டது. கூலியை இனிமேல் செல்லியம்மாள் கையில் பணமாகவே கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதுகூட எனக்குப் பெரிதில்லை. இந்த மனுஷர் பேச்சை நிறுத்திவிட்டார். போன் அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். சோறு போடக் குனிந்தால் பழைய பழக்கத்தில் வாயைத் திறப்பார். சிரிப்பு இருக்காது. நான் மோந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். குடிக்காதவனை இந்த ஊர் குடிக்க வைத்துவிடுமோ என்று தினமும் பயந்துகொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ரேஷனில் அரிசியும் சர்க்கரையும் போட்டார்கள். இவரை வரிசையில் நிற்க வைத்துவிட்டு நான் வேலை செய்த வேறொரு காட்டில் கூலியை வாங்கிக்கொண்டு வந்தேன். வரிசை நீளம். இவருக்குப் பின்னால் ஒரு ஆள் தள்ளிச் செல்லியம்மாள், தம்பி முதுகைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நான் பையோடு கிட்டே போவதற்குள் இவர் முறை வந்துவிட்டது.

"வைங்க" என்றார் கடைக்காரர் சிவசங்கர்.

இவர் கட்டைவிரலை மெஷின் கண்ணாடி வரைக்கும் கொண்டுபோனார். வைக்கவில்லை. கையை இழுத்துச் சட்டையில் துடைத்தார். மறுபடி கொண்டுபோனார். மறுபடி இழுத்துக்கொண்டார்.

"இன்னாங்க, வெளையாட்டா? பின்னால எத்தினி பேர் நிக்கறாங்க!"

"காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டாருப்பா மாப்ள! கை எப்டி ஆடுது பாரு!" என்று பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். வரிசை கொல்லென்று சிரித்தது.

கை ஆடத்தான் செய்தது. செல்லியம்மாள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். தம்பியின் குடிகாரக் கையை அவளுக்கு என்னைவிடப் பழக்கம். விடிந்ததும் டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஆடிய கைக்கு அவள் எத்தனையோ நாள் காப்பித் தண்ணி ஊட்டியிருக்கிறாள். முன்னால் நின்றவளை விலக்கிக்கொண்டு வந்து அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாடா?" என்றாள்.

அவர் சின்னக் குரலில் கேட்டார். எனக்கும் கேட்டது, கடைக்காரருக்கும் கேட்டது.

"அக்கா, இத வெச்சா வருமா, போவுமா?"

செல்லியம்மாள் கையிலிருந்த பை கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"அய்யோ, என் சாமி" என்றாள். "அப்ப நெஜமாவே வரும்னுதான் போட்டியாடா?"

அவர் தலையை ஆட்டினார்.

பின்னால் இருந்தவன் இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்தான். செல்லியம்மாள் திரும்பிய வேகத்தில் அவன் சிரிப்பு நின்றது.

"மூட்றா வாய! என் தம்பி குடிக்கலடா! ரெண்டு வருஷமா குடிக்கல! குடிச்சான்னு இனி எவனாவது சொன்னீங்க, நாக்க அறுத்துடுவேன்!"

ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். அதைக் கேட்கத்தான் இத்தனை நாளாகக் காத்திருந்தேன். ஆனாலும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வாசலில் நின்று ஊதிக் காட்டியபோது நம்பாதவளுக்கு, நாலு பேர் சிரிக்க அவர் நடுங்கி நின்ற பிறகுதான் நம்பிக்கை வந்தது. அவளைத் திட்ட வாயெடுத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். விட்டுவிட்டேன்.

கிட்டே போய் அவர் கையைப் பிடித்தேன்.

"வைய்யா, வரும். அரிசி வரும். நான் நிக்கறேன் பாரு" என்றேன்.

அக்காள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, என் புருஷன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டைவிரலை வைத்தார்.