குப்பம், ஆந்திரா

வியாழக்கிழமை காலை வந்த சம்பளச் சீட்டில் என் மாநிலம் ஆந்திரப் பிரதேசம் என்று இருந்தது.

என் கம்பெனி பெங்களூரில். மருந்துப் பரிசோதனை முடிவுகளைச் சரிபார்க்கும் வேலை. சென்னையில் வீட்டிலிருந்தே செய்கிறேன். என்னைப் போன்றவர்களுக்கு எந்த மாநிலத்தின் தொழில் வரியைப் பிடிப்பது என்று மாதாமாதம் குழப்பம். அதை எளிதாக்க, போன வாரம் ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்கள். வசிக்கும் ஊர்?

பெசன்ட் நகரை ஒட்டிய எங்கள் மீனவர் குப்பத்தின் முழுப் பெயர், 'ஊரூர் ஒல்காட் குப்பம்', பதில் கட்டத்தில் அடங்கவில்லை. எங்கள் சந்தில் எல்லோரும் சொல்வதுபோல் 'குப்பம்' என்று மட்டும் அடித்தேன். பெங்களூரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், ஆந்திராவில், குப்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது.

வரி போகட்டும். அவ்வளவு பக்கத்தில் இருப்பவர்கள் திங்கள் முதல் தினமும் அலுவலகம் வர வேண்டுமாம். எனக்கு மாலையில் அடையாறில் எம்.எஸ்சி. வகுப்பு. இன்னும் ஒரு வருடம் பாக்கி.

மூன்று மெயில் போட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்: உங்கள் மாநிலம் உறுதிசெய்யப்பட்டது.

சந்தில் மேலும் கீழும் நடந்தேன். மீன் பலகைக்குப் பின்னாலிருந்து அம்மா பார்த்தாள்.

"இன்னாடி, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திக்கினு கீற? போன் பண்ணு."

"பண்றேம்மா."

"காலைலேர்ந்து பண்ற. அந்த ஆபீஸ் பொம்பள உன்ன கடிச்சி துன்னவா போவுது? எலும்புதான கீது உங்கிட்ட."

மூன்று மணிக்கு அழைத்தேன். சம்பளப் பிரிவு ரூபீனா வீடியோவில் வந்தார்.

"குப்பம்னுதானே எழுதியிருக்கே, கயல்? ரயில்ல ஏறினா வந்துடலாம்."

"இது வேற குப்பம், மேடம். சென்னை."

என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னா? சரி, ஆதாரம் அனுப்பு. திங்கட்கிழமைக்கு அப்புறம் பாக்கலாம்."

அப்படியென்றால் திங்கட்கிழமை போயாக வேண்டும். போனின் கேமராவைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தேன். பலகை, அம்மா, ஐஸ் பெட்டி, வலை, படகுகள். அப்புறம் தண்ணீர்.

"அந்தக் குப்பத்துல கடல் இருக்கா, மேடம்?"

அந்தப் பக்கம் சிரிப்பு. பிறகு தட்டச்சுச் சத்தம்.

"தமிழ்நாடுன்னு மாத்தியாச்சு. ஊரு பெசன்ட் நகர்னு போட்டுடறேன், கட்டத்துல அடங்கிடும்."

"வேணாம், மேடம். சென்னை குப்பம்னு போடுங்க. அதுவும் அடங்கும்."

மறுபடி தட்டச்சு. போனைக் கடல் பக்கமே பிடித்திருந்தேன்.

"ஆச்சு. திங்கட்கிழமை நீ வர வேணாம்."

அதை மெயிலில் போடச் சொன்னேன்.