போர்வை காய்ந்த வெயில்

இறந்துபோன எங்கள் மகள் மாபெலின் புகைப்பட நெகட்டிவ் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் எடுத்ததாயிற்றே, வெளிறிப்போயிருந்தது. எப்போதும் மேகம் மூடிய நியூகாசிலில் வெயில் தலைகாட்டினாலே, நெகட்டிவைத் தாளோடு சேர்த்துப் பிடிக்கும் அச்சுச் சட்டத்தோடு ஓடுவேன். கரி பூசிய தாளில் முகம் மங்கலாகவே வரும்.

கடைசித் தாளை வெயிலில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தேன். மாலையில் பார்த்தால் அங்கே போர்வைகள் காய்ந்தன. சட்டம் சுவர் நிழலில் கிடந்தது.

“இசபெல், என்ன பண்ணிட்ட!”

“ஏங்க, வெயில் உங்களுக்கு மட்டுமா வருது? நீங்க குறட்டை விட்டதுமே நகத்திட்டேன்.”

வெளிச்சம் படாத கரி கரைந்து போகத் தாளை வெந்நீரில் கழுவினேன். புருவம், குறும்புச் சிரிப்பு எல்லாம் தெளிவாக எழுந்தன. வெளிறிய நெகட்டிவில் கறுப்பையும் வெளுப்பையும் பிரித்துக் காட்ட மெல்லிய நிழல் வெளிச்சம்தான் வேண்டுமாம்!

இசபெல் என் தோளில் சாய்ந்தாள்.

“மூக்கு உங்களுதுதான். பாவம் குழந்தை.”