கார்வெல் தோற்கும் வரை

"தோத்துட்டா மறுநாள் காலையிலேயே போறேன், லெனோரா. போதுமா?"

"வியாழக்கிழமை பதினோரு மணின்னு டாக்டர் நேரம் குடுத்திருக்காரு. நெஞ்சுக்கு டெஸ்ட். பல் பிடுங்கப் போற மாதிரி தள்ளிப்போடுற."

"வியாழக்கிழமை பன்னிரண்டே காலுக்கு கார்வெல் ஆட்டம். இருபத்திரண்டு வருஷம் கழிச்சு இந்தப் போட்டிக்குள்ள நுழைஞ்சிருக்காங்க. அந்த நேரத்துல நான் நெஞ்சு பூரா ஒயரை ஒட்டிக்கிட்டு ஓடுற பெல்ட் மேல ஓடிட்டிருக்கவா?"

"ஓடச் சொல்லல. நடக்கத்தான் சொன்னாங்க."

"தோத்த மறுநாள் நடக்கறேன். சத்தியம்."

"ஜெயிச்சுட்டா?"

"ஊருக்கே கணக்கு சொல்ற கோச்சம்மா நீதானே! நீயே சொல்லு. ஜெயிப்பாங்களா?"

சமையலறை மேசைமேல் போட்டித் தாள் விரித்துக் கிடந்தது. அறுபத்தெட்டு கல்லூரிக் கூடைப்பந்து அணிகளின் பெயர்கள்; ஒருமுறை தோற்றால் வெளியே. யார் யாரோடு மோதுகிறார்கள் என்று கிளை கிளையாகப் பிரியும் கோடுகள். லெனோரா அந்தத் தாளை ஒரு நிமிடம் பார்த்தாள். போட்டியின் நான்கு பகுதிகளில் ஒன்றில், தங்கள் ஊர்க் கல்லூரியான கார்வெல்லுக்குப் பதின்மூன்றாவது இடம். எதிரே நான்காவது இடத்து அணி. அதன் பயிற்சியாளர் மைதானம் முழுக்க விரட்டி விரட்டிப் பந்தைப் பிடுங்க வைப்பவர். கார்வெல்லுக்காகப் பந்தைக் கொண்டுவரும் இரண்டு சிறிய பையன்களும் அப்படி விரட்டினால் தடுமாறுவார்கள். பதினைந்து புள்ளி வித்தியாசத்தில் தோல்வி என்று அவள் மனம் அப்போதே எழுதிவிட்டது. வியாழன் போனால் வெள்ளி. ஒரு நாள்தானே.

"சரி" என்றாள்.

அந்தச் "சரி" சொல்லி இன்றோடு இரண்டு வாரம். இந்த ஞாயிற்றுக்கிழமை மதியமும் கார்வெல் ஆடிக்கொண்டிருந்தது. லெனோரா சமையலறை வாசலில் நின்றபடி, தொலைக்காட்சியைப் பார்க்காமல், தன் கணவன் டெல்பர்ட்டின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெற்கு இந்தியானாவின் அந்தச் சிற்றூரில் தபால் நிலையத்தில் வேலை அவளுக்கு. மார்ச் மாதம் பிறந்துவிட்டால் தபால்தலை வாங்க வருகிறவர்களைவிட, தாளை நீட்டி "இதுல யாரு லெனோரா?" என்று கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். அவள் ஆட்டக்காரர்களைப் பார்த்துச் சொல்வதில்லை. பையன்கள் நாலு வருடத்தில் போய்விடுவார்கள், பயிற்சியாளர்கள்தான் மாறாமல் இருப்பவர்கள் என்பாள். யார் முன்னணியில் இருக்கும்போது பயப்படுவார், யார் களைத்த பையனையும் வெளியே எடுக்க மாட்டார், யார் கோபத்தில் நடுவரிடம் கத்தி ஆட்டத்தையே இழப்பார் என்றெல்லாம் அவளுக்கு மனப்பாடம். யார் யார் ஜெயிப்பார்கள் என்று ஊகித்துத் தாளை நிரப்புவதில், பதினேழு வருடமாக ஊரில் அவள் தாள்தான் முதல்.

இந்த முறை அவள் கணக்கு முதல் நாளே பொய்த்தது. கார்வெல்லின் பயிற்சியாளர் வேட் ஆல்டிங்கர் அந்தச் சிறிய பையன்களிடம் பந்தைக் கொடுக்கவே இல்லை. ஆறடி எட்டங்குல உயரமுள்ள ஒருவனை விட்டுப் பந்தைத் தட்டிக்கொண்டு வரச் சொன்னார். அவன் தலைக்குமேல் யாருடைய கையும் எட்டவில்லை. ஐந்து புள்ளியில் வெற்றி.

அன்று எதிரணி நெருங்கி வந்தபோது லெனோரா அடுப்பில் கிளறிக்கொண்டிருந்த கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றாள். அவள் நின்ற நேரத்தில் கார்வெல் வரிசையாகப் பதினொரு புள்ளி எடுத்தது. அவ்வளவுதான், அதற்குப்பின் அவள் இடம் அந்த வாசல் என்று ஆகிவிட்டது. அவள் தம்பி ராய்ஸ் அன்று சோபாவில் இடமில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்ததால், காலியான சோபா இருக்கும்போதும் அவனுக்குத் தரைதான். டெல்பர்ட் தன் பழுப்பு நாற்காலியில், துவைக்காத அதே சாம்பல் நிறச் சட்டையில். ஆட்டம் முடியும்வரை யாரும் இடம் மாறக் கூடாது. 'தோல்வி' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. அந்த ஊரில் பாதி வீடுகளில் இப்படித்தான். யாரும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பதில்லை.

சனிக்கிழமை இரண்டாவது வெற்றி, ஒரே ஒரு புள்ளியில். அன்று காலை டெல்பர்ட்டால் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முடியவில்லை. "வயசாயிடுச்சு கோச்சம்மா, நீயே கட்டிவிடு" என்று சிரித்தான். அவள் மண்டியிட்டுக் கட்டினாள். மேலே அவன் மூச்சு, மாடிப்படி ஏறி வந்தவனுடையதுபோல் கேட்டது.

தபால் நிலையத்தில் ஆட்கள் வந்து அவள் கையைக் குலுக்கினார்கள். "டெல்பர்ட்டை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க விட்டுடாதே, ஆமா!" என்றார் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு பின்னறைக்குப் போய் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"இதோட ரெண்டாவது தடவை தேதி மாத்துறீங்கம்மா" என்றாள் மறுமுனைப் பெண். "டாக்டர் உடனேன்னு எழுதியிருக்காரு. தாடை வலி, கை வலின்னு ஏதாவது இருக்கா?"

"இல்ல" என்றாள் லெனோரா. டெல்பர்ட் இரண்டு நாளாகத் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே புரியவில்லை. உண்டு என்று சொல்லியிருந்தால் அன்றே அவனிடம் போய்ப் பேச வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தாள்போலும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்றாவது வெற்றி. கூடுதல் ஐந்து நிமிடம் ஆடி முடித்தபோது தெருவெல்லாம் கார் ஒலிப்பான்கள் அலறின. ராய்ஸ் தரையிலிருந்து எழுந்து ஆடினான். டெல்பர்ட் ஆடவில்லை. கையை மட்டும் உயர்த்தினான், அதையும் பாதியிலேயே இறக்கிவிட்டான். அன்றுமுதல் அவன் படுக்கைக்கு வருவதில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லவில்லை. "நாற்காலிக்கு ராசி இருக்கு, அதை எதுக்குக் கலைக்கணும்?" என்றான்.

கார்வெல் தோற்க வேண்டும் என்று லெனோரா வேண்டிக்கொள்ளத் தொடங்கியது அப்போதுதான். அந்தக் கல்லூரி அரங்கில் அவள் சோளப்பொரி விற்றுக்கொண்டிருந்தபோதுதான் டெல்பர்ட் முதன்முதலில் அவளைப் பார்த்துச் சிரித்தான். முப்பத்தொரு வருடக் கல்யாணம். கார்வெல்லின் நீலச் சட்டை அவளிடம் ஏழு இருக்கிறது. இன்று காலை தேவாலயத்தில், எல்லோரும் கண்மூடி வெற்றிக்காக முணுமுணுத்த நேரத்தில், அவள் மட்டும் எதிர்ப்பக்கம் முணுமுணுத்தாள்.

கேட்டுவிட்டால் என்ன? 'ஆட்டத்தை விட்டுவிட்டு வா' என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை அவள் எத்தனையோ வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தாள். கல்யாணமான நாலாவது மார்ச்சில் ஒரு நாள், வயிற்றில் நான்கு மாதக் குழந்தை நழுவியபோது, அவன் அரங்கில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். அரங்கின் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தால் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். அவள் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் காரில் தனியாகப் போனாள். விஷயம் தெரிந்து ஓடிவந்தவன் அவள் மடியில் முகம் புதைத்து அழுதான். "கூப்பிட்டிருக்கலாமே, கூப்பிட்டிருக்கலாமே" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான் என்று அவள் இத்தனை வருடமும் நம்பி வந்தாள். கூப்பிடாததால்தான் அப்படி நம்ப முடிந்தது. கூப்பிட்டு, அவன் "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று சொல்லியிருந்தால்?

அதனால் இந்த முறையும் தாளையே நம்பினாள். இன்றைய எதிரணி முதல் இடம். அதன் நடு ஆட்டக்காரன் ஏழடி. கார்வெல்லின் உயரமானவன் அவனைத் தடுக்கப் போய் நாலு ஃபவுல் வாங்கி வெளியே உட்கார்ந்துவிடுவான். எதிரணிப் பயிற்சியாளர் டரெல் ஃபென்விக் முப்பது வருட அனுபவசாலி. இன்று நிச்சயம். நாளை திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நேரம் வாங்கி வைத்திருந்தாள்.

இடைவேளையில் கார்வெல் பதினான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. லெனோராவின் தோள்கள் இரண்டு வாரத்தில் முதல்முறையாக இறங்கின.

"மூஞ்சியைப் பாரு" என்றான் ராய்ஸ் தரையிலிருந்து. "என்னக்கா, இழவு விழுந்த வீட்டுல நீ மட்டும் கல்யாணக் களையோட நிக்கிற?"

"வாயைக் கழுவுடா."

"மச்சான், நீங்களாவது ஏதாவது சொல்லுங்க. சாப்பிடவும் இல்ல. கிண்ணத்துல அப்படியே இருக்கு."

"பசிக்கல" என்றான் டெல்பர்ட். "ஆல்டிங்கர் ஏதாவது பண்ணுவான். பாரு."

அறை குளிர்ந்து கிடந்தது. ராய்ஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்தான். டெல்பர்ட்டின் காதோரம் ஒரு வியர்வைத் துளி இறங்கிக் கழுத்துப்பட்டைக்குள் போனதை லெனோரா பார்த்தாள்.

இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிடத்தில்தான் அவளுக்கு அது உறைத்தது. ஃபென்விக். எப்படி மறந்தாள்? பத்துக்கு மேல் முன்னணி கிடைத்தால் அந்த மனிதர் பயப்படுவார். தாக்குவதை நிறுத்திவிட்டுப் பந்தைக் கையிலேயே வைத்துக் கடிகாரத்தை ஓட்டச் சொல்வார். ஆட்டம் கைநழுவினாலும் இடைநிறுத்தம் கேட்க மாட்டார், கடைசிக்கு என்று சேர்த்து வைப்பார். வேறு யாராவது கேட்டிருந்தால் தபால் நிலையத்திலேயே சொல்லியிருப்பாள். வேண்டியதை மட்டும் தாளில் பார்த்திருக்கிறாள். முதல் நாளிலிருந்தே அப்படித்தான் பார்த்திருக்கிறாள்.

பதினான்கு பதினொன்றானது. பதினொன்று எட்டானது. ஏழடிக்காரனிடம் பந்தே போகவில்லை.

"இந்தாளு டைம்-அவுட் கேக்கவே மாட்டாரா?" என்று ராய்ஸ் குதூகலித்தான். "கேக்காதேய்யா சாமி, கேக்காதே!"

கேள், கேள் என்று லெனோராவின் உதடுகள் அசைந்தன. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. ஐந்து புள்ளி. தெருவின் மறுகோடியிலிருந்து இன்னொரு கூச்சல். மூன்று. ஊரே ஒரு பெரிய மிருகம்போல் மூச்சிழுத்து விட்டுக்கொண்டிருந்தது. இவர்கள் வென்றால் அடுத்த ஆட்டம் சனிக்கிழமை. இன்னும் ஆறு நாள். இவன் ஆறு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

"டெல்பர்ட்" என்றாள் மெதுவாக. "எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் போயிட்டிருக்கு."

"ஆட்டத்தைக் கேக்கல."

"அக்கா, பேசாதே!" என்றான் ராய்ஸ். "மூணு ஆட்டமா நீ பேசலை!"

நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. கார்வெல்லின் சிறிய பையன்களில் ஒருவன் தூரத்திலிருந்து எறிந்தான். பந்து வளையத்தில் பட்டுத் துள்ளி, ஒருமுறை சுற்றி, உள்ளே விழுந்தது. சமநிலை. ராய்ஸ் கத்திய கத்தலில் அலமாரியின் கண்ணாடிகள் அதிர்ந்தன. தெரு முழுவதும் கத்தியது.

டெல்பர்ட் கத்தவில்லை. கண்கள் திரையில்தான் இருந்தன, ஆனால் பந்து உள்ளே போனபோது அவை அசையவில்லை. உதடுகள் ஈரச் சாம்பல்போல் வெளுத்திருந்தன. இடது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்த பொருள்போல. வலது கை நாற்காலியின் பிடியை இறுக்கியிருந்தது.

லெனோரா வாசலிலிருந்து காலை எடுத்தாள்.

"அக்கா! என்ன பண்ற? நில்லு அங்கேயே! நாலே நிமிஷம்தான்!"

"ராய்ஸ், ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

"எதுக்கு? யாருக்கு?" அவன் திரும்பி, அப்போதுதான் தன் மச்சானின் முகத்தைப் பார்த்தான். போர்வை நழுவி விழுந்தது. தொலைபேசியைத் தேடிச் சட்டைப்பைகளைத் தடவத் தொடங்கினான்.

"ஒண்ணுமில்ல" என்றான் டெல்பர்ட். பேச்சு மூச்சுக்கு நடுவே துண்டு துண்டாக வந்தது. "கொஞ்சம்... அழுத்தற மாதிரி. முடியட்டும். முடிஞ்சதும் போலாம். அங்கேயே போய் நில்லு, லெனோரா... சமநிலை பாரு..."

அவள் நாற்காலிக்கு எதிரே மண்டியிட்டாள். திரையை அவள் உடம்பு மறைத்தது. அவன் அவளுக்கு மேலாக, அவள் தோளுக்கு அப்பால் பார்க்க முயன்றான். பின்னால் அறிவிப்பாளரின் குரல் ஏறிக்கொண்டே போனது. ராய்ஸ் யாரிடமோ தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் இரண்டாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வண்டி பக்கத்து ஊரிலிருந்துதான் வரவேண்டும், இருபது நிமிடம் ஆகும், தாமதிக்காமல் காரிலேயே கிளம்பி எதிரே வந்தால் பாதி நேரம்தான், ஆனால் நோயாளி எழுந்து வர வேண்டும் என்று மறுமுனை சொன்னதை அவன் உரக்கத் திருப்பிச் சொன்னான்.

"மச்சான், எழுந்திருங்க. கார்ல போயிடலாம்."

"ரெண்டு நிமிஷம்டா..."

லெனோரா அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கன்னங்கள் பனிக்கட்டிபோல் சில்லிட்டிருந்தன. அவன் கண்கள் திரையை விட்டு அவளிடம் வர ஒரு கணம் பிடித்தது. வந்தன. அவை எவ்வளவு நேரம் தங்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் என்ன சொல்வான் என்பதும் தெரியவில்லை. முப்பத்தொரு வருடமாகத் தெரிந்துகொள்ளாமல் இருந்தது அதைத்தான்.

"டெல்பர்ட்" என்றாள். "எனக்காக இந்த ஆட்டத்தை விட்டுட்டு வா."